வெட்டாத சிங்கிறால்

அவவை நான் முதன்முதல் பார்த்தபோது அவ சாப்பிட்டுக்கொண்டிருந்தா.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கலியாணம் முடிந்து சில மாதங்கள்தான். என் கணவருக்கு வல்வெட்டித்துறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்க இடம் கிடைத்ததால் வட்டுக்கோட்டையிலிருந்து லொறியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம். கடற்கரைக்கு ஒரு ஒழுங்கை தள்ளி வாடகை வீடு. பக்கத்து வளவுக்கும் எங்களுக்கும் நடுவில் கிடுகு வேலி. அதில் ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய பொட்டு. எங்கள் கிணற்றில் கயிறு இல்லாததைக் கண்டு, ஒரு வாளி தண்ணீர் கேட்கலாமென்று நான் அந்தப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்தேன்.

குசினி வாசலில் தடுக்குப் போட்டு, சப்பணம் கொட்டி இருந்தா. என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு இருக்கும். நல்ல உயரம், அகன்ற தோள், கறுத்த நிறம். மடியருகே பெரிய பீங்கான் தட்டு. அதில் ஒரு சிங்கிறால். வெட்டாமல், உடைக்காமல், மீசையும் காலும் வாலுமாகக் கடலில் கிடந்த உருவம் கெடாமல் செக்கச் சிவந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பிட்டு. ஒரு பாக்குவெட்டி. அவ ஒரு காலை முறித்து, பாக்குவெட்டியால் நெரித்து, உள்ளே இருந்த வெள்ளைச் சதையை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றா.

எனக்கு வந்த காரியம் மறந்துபோனது.

"விருந்தாக்கள் வந்திருக்கினமோ அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"அப்ப ஆருக்குச் சமைச்சனீங்கள்?"

அவ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. "எனக்கு" என்றா.

பிறகு கிணற்றுப் பக்கம் தலையை ஆட்டி, "தண்ணிக்கெண்டால் அள்ளிக்கொண்டு போம். நான் எழும்ப நேரம் செல்லும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காலை முறித்தா.

வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் என்னோடு வந்தது. எனக்கு. ஒரு பெண், பட்டப்பகலில், நல்லநாள் பெருநாள் இல்லாமல், புருசன் வீட்டில் இல்லாத நேரத்தில், தனக்கென்று ஒரு முழுச் சிங்கிறாலை அவித்து வைத்து ஆறுதலாகச் சாப்பிடலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாத விசயம்.

எங்கள் தாய்வீட்டிலும் சிங்கிறால் வாங்குவார்கள். வருசத்தில் ஒருக்கா, கிறிஸ்து பிறந்த நத்தாரை ஒட்டி. மூளாய்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் ஒன்றைக் கொண்டுவந்து தருவார். அம்மா அதைத் துண்டு துண்டாக வெட்டி, கத்தரிக்காயும் போட்டு, ஒரு பெரிய சட்டிக் குழம்பு வைப்பா. வால் அப்புவுக்கு. நடுத்துண்டுகள் அண்ணைமாருக்கு. எனக்கும் அம்மாவுக்கும் தலை ஓடும் குழம்பும். ஓட்டைச் சூப்பிக்கொண்டே நான், "நல்ல ருசி" என்று சொல்லுவேன். அது பொய்யுமில்லை. அதற்குமேல் ருசி இருக்குமென்று தெரிந்தால்தானே.

அவவின் புருசன் சரக்குத் தோணி ஒன்றின் தண்டயல். அந்தத் தோணிக்கு அவர்தான் தலைவர். கோடை முழுவதும் இந்தியாப் பக்கத்து அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடுவார். மாரி தொடங்கினால் கடல் மூடிவிடும்; வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் இல்லை. தண்டயல் வீட்டுப் பெண்கள் கடற்கரைக்குப் போய் மீன் வாங்குவது அந்த ஊரில் வழக்கமில்லை. அவ போவா. விடியற்காலையில் வள்ளங்கள் கரைக்கு வரும்போது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் நிற்பா. சிங்கிறால் பட்டிருந்தால் வேறு எவருக்கும் காட்டமாட்டார்கள். ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுப்பார்கள். சாக்குக்குள் அது கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டே வரும். அந்தச் சத்தம் ஒழுங்கையால் வருவதை வைத்தே அன்றைக்கு அந்த வீட்டில் என்ன சமையல் என்று எனக்குத் தெரிந்துவிடும். என் கையிலிருக்கும் கீரை அப்போதே வாடிப்போனதுபோல இருக்கும்.

"ஏன் அக்கா நீங்கள் வெட்டுறேல்லை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெட்டினால் அது கறி" என்றா. "வெட்டாட்டித்தான் அது சிங்கிறால்."

அவ கதைப்பது அவ்வளவுதான். விளக்கம் சொல்லுகிற பழக்கம் அவவுக்கு இல்லை.

எதிலும் அவவுக்குப் பாதி என்பது இல்லை. கந்தசஷ்டி விரதம் பிடித்தால் ஆறு நாளும் குசினியில் அடுப்பு எரியாது. பின்னேரத்தில் ஒரு மிடறு தண்ணீர், அவ்வளவுதான். நாங்கள் வேதக்காரர், விரதம் தெரியாதவர்கள். ஆனால் எங்களோடு ஆராதனைக்கு வருபவர்களில் எவரும் கடவுளுக்காக அப்படி ஒரு நாளாவது இருந்ததை நான் காணவில்லை. ஒருக்கா முன்வீட்டுக்காரியோடு எல்லை வேலிக் கதியாலுக்காகச் சண்டை வந்தது. காலையிலிருந்து மத்தியானம்வரை ஒழுங்கையில் நின்று சண்டை பிடித்தா. நானென்றால் பாதியில் அழுதுகொண்டு உள்ளே ஓடி, பிறகு ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்திருப்பேன். அவ சண்டையை முடித்துவிட்டுப் பின்னேரம் அதே முன்வீட்டுக்காரியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் மூலிகைக் குடிநீர் அவித்துக்கொண்டு போனா. வேசம் ஒன்றுமில்லை. சண்டை முடிந்துபோயிற்று, அவ்வளவுதான்.

நித்திரையும் அப்படித்தான். மத்தியானத்தில் படுத்தால் படலையில் ஆர் வந்து கூப்பிட்டாலும் எழும்பமாட்டா. எனக்கு அந்த வயதில் ஒரு மத்தியானமும் கண் மூடியதாக ஞாபகமில்லை.

நாங்கள் அங்கே போய்க் கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்தபோது அவ பொட்டடியில் நின்றா. "மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வாரும். மூண்டு கிடைச்சது" என்றா.

என் கணவர் மிசன் விடுதியில் வளர்ந்தவர். வீட்டில் கரண்டியும் முள்ளுக்கரண்டியுமாகத்தான் சாப்பிடுவார். நல்லது கெட்டது ஒன்றும் சொல்லமாட்டார். தட்டைத் தள்ளி வைத்தால் காணும், போதும் என்று அர்த்தம். அவ எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு முழுச் சிங்கிறாலை வைத்தா. தனக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் இருந்தா. கரண்டி தரவில்லை. இவர் கொஞ்சநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கை தொடங்கிறது?" என்றார்.

"பிடிச்ச இடத்திலை" என்றா அவ.

இவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்தார். வாலைத் திருகினார். அது டக்கென்று கழன்று, தேங்காய்ப்பால் சேட்டில் தெறித்தது. வெள்ளைச் சேட்டு. நான் துடைக்கத் துணி தேடினேன். ஆனால் இவர் சிரித்தார். சின்னப் பிள்ளை சிரிக்கிற மாதிரி, வாயில் சாப்பாட்டோடு, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். சிங்கிறாலின் மண்டைக்குள் இருந்த மஞ்சள் கொழுப்பைப் பிட்டோடு குழைத்து, விரலை நக்கினார். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை. என் வீட்டில், என் மேசையில், என் சமையலுக்கு முன்னால் ஒரு நாளும் வராத மனுசர் அங்கே வந்திருந்தார்.

நான் பழக்கதோசத்தில் என் சிங்கிறாலின் வாலைக் கழற்றி இவருடைய தட்டில் வைத்தேன். இவர் பார்க்காமலே எடுத்துச் சாப்பிட்டார். நிமிர்ந்தால், அவ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார், "இஞ்சரும், அவவிட்டைக் கேட்டு நீரும் ஒருக்கா அப்பிடிச் செய்யுமன்."

கேட்க எனக்கு மனமில்லை. அடுத்த கிழமை, அவ தமையன் வீட்டுக்குப் போயிருந்த நாள் பார்த்து, மீன்காரரிடம் சொல்லி ஒரு சிங்கிறால் வாங்கினேன். சாக்கை அவிழ்த்ததும் அது குசினி நிலத்தில் பின்பக்கமாக ஓடத் தொடங்கியது. துடைப்பத்தால் ஒதுக்கி, துணி போட்டு அமத்தி, ஒருமாதிரிப் பிடித்துக் கொதிதண்ணீருக்குள் போட்டேன். அது வாலை ஒரு அடி அடித்தது. பானை மூடி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், அடுப்பு புகைந்து அணைந்துபோனது. அரைகுறையாக வெந்த சிங்கிறால் பானை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அழுதுகொண்டே திரும்ப அடுப்பை மூட்டினேன். காலெல்லாம் கழன்று, வால் சுருண்டு, கடைசியில் தட்டுக்கு வந்தபோது அது சிங்கிறாலுமில்லை, கறியுமில்லை.

இதற்குள் அவ வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டா. சத்தம் கேட்டிருக்க வேண்டும். பொட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "பிள்ளை, நான் உள்ளை வரட்டோ?" என்று கேட்டா.

"வேண்டாம் அக்கா. ஒண்டுமில்லை" என்றேன்.

அவ வரவில்லை. வேறு எவரென்றாலும் வந்து எட்டிப் பார்த்து, ஐயோ என்று கையைப் பிசைந்து, ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்கள். அவ வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுகிறவ. அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. இவர் அன்றைக்குக் கரண்டியால் சாப்பிட்டார். "பரவாயில்லை" என்றார்.

செய்முறையை நான் கேட்காமலே அவ ஒருநாள் காட்டினா. கூப்பிட்டு வைத்துப் படிப்பிக்கவில்லை. நான் தேங்காய் துருவும் பலகையை இரவல் வாங்கப் போன நேரம் அவ செய்துகொண்டிருந்தா, நான் நின்று பார்த்தேன். சிங்கிறாலை முதலில் கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் விட்டா. நல்ல தண்ணீரில் அது கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துபோகும். ஓய்ந்ததும் வயிற்றோடு ஒரு அகப்பைக் காம்பை வைத்து நாரால் கட்டினா. கட்டினால் வால் சுருளாது. கடலில் மொண்டுவந்த தண்ணீர் பானையில் கொதித்தது. அதற்குள் தலைகீழாக இறக்கி, மூடிமேல் அம்மிக் குழவியை ஏற்றி வைத்தா. சிவந்ததும் எடுத்து, அதன் மீசையிலேயே ஒன்றை முறித்து, வாலடித் துவாரத்துக்குள் விட்டுத் திருகி இழுத்தா. மீசை முள்ளில் சிக்கிக் குடல் முழுதாக வந்துவிட்டது. வயிற்றுப் பக்கத்து மெல்லிய தோலை நகத்தால் கீறி, அகன்ற தாச்சியில் தேங்காய் முதற்பாலும் மிளகும் உள்ளிப்பூடும் பச்சைமிளகாயும் மஞ்சளும் கொதிக்க, அதற்குள் கிடத்தி, அகப்பையால் பாலை அள்ளி அள்ளி முதுகில் வார்த்தா. பிள்ளைக்குக் குளிக்க வார்க்கிற மாதிரி. இறக்கின பிறகு தேசிக்காய் பிழிந்துவிட்டா.

எல்லாவற்றையும் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அதற்குப் பிறகு நான் என் குசினியில் சிங்கிறால் அவிக்கவே இல்லை. சரியாக வந்தாலும் அது அவவின் சிங்கிறால்தானே.

மறுவருசம் எங்களுக்கு மகள் பிறந்தாள். வட்டுக்கோட்டையிலிருந்து மாமி பேத்தியைப் பார்க்க வந்து நின்றா. மாமி என்றால் என் கணவரின் தாய். இவருடைய தங்கைமாரும் கூட வந்தார்கள். மாமி வந்திருக்கிறா என்று கேள்விப்பட்டு, அவ ஒரு சிங்கிறாலைத் தட்டில் வைத்து, வாழையிலையால் மூடிக் கொண்டுவந்து தந்தா. ஒன்று. வீட்டில் பெரியவர்கள் ஐந்து பேர். நான் வேறென்ன செய்வது? குசினிக்குள் கொண்டுபோய்க் கத்தியால் வெட்டி, எல்லாருக்கும் பங்கு வைத்தேன்.

மாமி ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "ஆர் இதை வெட்டினது?" என்று கேட்டா. "முழுசாக் கிடந்திருந்தால் எவ்வளவு வடிவா இருந்திருக்கும்."

அன்று பின்னேரம் மாமி பொட்டுக்குள்ளால் போய் அவவோடு நெடுநேரம் கதைத்துவிட்டு வந்தா. "பொம்பிளையெண்டால் உப்பிடி இருக்கோணும். ஒரு மறைப்பில்லை, ஒரு பயமில்லை" என்று என்னிடமே சொன்னா. எல்லாரும் சாப்பிட்டு எழும்பினபிறகு குசினிக்குள் இருந்து நான் சாப்பிடவேண்டும் என்று என்னைப் பழக்கினது அதே மாமிதான். நான் சட்டியை வழித்துக்கொண்டிருந்தேன்.

மகள் நடக்கத் தொடங்கின நாளிலிருந்து பொட்டுக்குள்ளால்தான் போவாள். அவவின் மடியில் ஏறி இருப்பாள். நான் ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளுகிற பிள்ளை, அவவின் கையிலிருந்து பிட்டையும் சதையையும் வாங்கி வாங்கித் தின்னும். அவ ஊட்டுவதில் கெஞ்சல் கிடையாது. "இந்தா" என்பா. பிள்ளை வாயைத் திறக்கும். தனக்கு ஒரு வாய், பிள்ளைக்கு ஒரு வாய். நான் வேலியால் பார்த்துக்கொண்டு நிற்பேன். புருசனின் சிரிப்பு போனது, மாமியின் வாய்ச்சொல் போனது, இப்போது பிள்ளையின் பசியும் போகிறது என்று மனம் கணக்குப் பார்க்கும்.

"ஆடு வருகுது. அந்தப் பொட்டை அடைச்சு விடுங்கோ" என்று இவரிடம் சொன்னேன். அந்த ஒழுங்கையில் ஆடு வைத்திருந்தவர்கள் எவருமில்லை. இவர் ஒரு சனிக்கிழமை கிடுகு வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார்.

அடுத்தநாள் காலை மகள் அந்த இடத்தில் நின்று கிடுகைத் தட்டித் தட்டி அழுதாள். கொஞ்ச நேரத்தில் அவ தெருவால் சுற்றி, படலையைத் திறந்துகொண்டு வந்து பிள்ளையைத் தூக்கினா.

"பொட்டை அடைச்சுப்போட்டியள் போல" என்றா.

"ஓம் அக்கா. ஆடு."

"நல்லது" என்றா. முகத்தில் ஒரு குறையும் இல்லை. எதையாவது மனதில் வைத்துக்கொண்டு சொன்னாவா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. நான் சொன்ன ஆட்டை அவ முழுதாக நம்பிவிட்டா.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவவைக் கடைசியாகக் கண்டேன். நாங்கள் இடமாற்றம் கிடைத்து வட்டுக்கோட்டைக்குத் திரும்பிக் கனகாலம். மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தோம். துணி எடுக்கப் பருத்தித்துறைக்குப் போயிருந்தோம். பஸ் நிலையத்தில் நரைத்த தலையோடு, கையில் ஒரு நனைந்த சாக்குப் பையோடு நின்றா. எனக்கு முன்னமே மகள் கண்டுவிட்டாள். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். என் தோளில் சாய்ந்து அவள் அழுத நாளை நான் யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

"இப்ப சிங்கிறால் எல்லாம் ஐஸ் பெட்டியிலை கொழும்புக்குப் போகுது பிள்ளை" என்று என்னிடம் சொன்னா. "எனக்கொண்டு எடுத்து வைச்சிட்டுத்தான் மிச்சத்தை ஏத்தோணும் எண்டு சொல்லிப்போட்டன்." பைக்குள் ஏதோ அசைந்தது. பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டா. சில வருசம் கழித்து, நித்திரையிலேயே போய்விட்டா என்று அறிந்தேன். அதையும் அவ அரைகுறையாகச் செய்யவில்லை.

ஆனால் அவவை நினைத்தால் எனக்கு முன்னால் வருவது அந்தப் பஸ் நிலையம் இல்லை. மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது, மாரி தொடங்குகிற நேரத்தில் ஒருநாள்.

தண்டயல் வழமைபோலத் தோணியைக் கரையேற்றிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். ஆனால் அவருக்கு முன்னமே கதை ஊருக்கு வந்துவிட்டது. அக்கரையில் அவருக்கு ஒரு வீடு இருக்கிறது. அங்கே ஒரு பெண்ணும், ஒரு பிள்ளையும். காலையில் தண்டயலின் தமையனார் வந்தார். மூன்று பேரும் முன்விறாந்தையில் இருந்து கதைத்தது கிடுகு வேலியால் அப்படியே எனக்குக் கேட்டது.

தமையனார் நல்ல மனுசர். குரலை உயர்த்தவில்லை. "நடந்தது நடந்துபோச்சுது. உன்னை ஒருத்தரும் தள்ளேல்லை" என்றார். "இவ்வளவு நாளும் கோடைக்கு அங்கை, மாரிக்கு இஞ்சைதானே நிண்டவன். இனியும் அப்பிடியே இருக்கட்டும். உனக்கு ஒரு மாற்றமும் இல்லை, பிள்ளை."



"இவ்வளவு நாளும் நான் இவரை அரைவாசியெண்டு நினைக்கேல்லை" என்றா அவ. "கடலிலை நிண்டாலும் முழுக்க என்ரை ஆளெண்டுதான் நினைச்சனான். இனி அப்பிடி நினைக்க ஏலாது."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?" தண்டயலின் குரல் மெதுவாக வந்தது.

"அங்கை பிள்ளை இருக்குது. அங்கை போங்கோ. முழுக்கப் போங்கோ."

"நீ கோபத்திலை கதைக்கிறாய்."

"இல்லை" என்றா. அது கோபமில்லை என்பது வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது.

அந்த ஊரில், அந்தக் காலத்தில், அப்படிச் சொல்லுகிற பெண்ணை நான் அறிந்ததில்லை. சோற்றுக்கு வழி, ஊரில் நல்ல பேர், கோயிலில் முன்வரிசையில் நிற்கும் மரியாதை எல்லாம் அந்த மனுசரோடு சேர்ந்து படலையால் போய்விடும். என் கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய சம்பளத்தில் பாதியும், பேச்சில் பாதியும், விடுமுறையில் பாதிக்கு மேலேயும் தாய்க்கும் தங்கைமாருக்கும்தான். மிஞ்சினதை நான் என்னுடையது என்று வைத்துக்கொண்டிருந்தேன். அதை இழந்துவிடுவேனோ என்றுதான் நாள் முழுக்கப் பயப்பட்டேன். புருசனை அனுப்பிவிட்டுத் தனித்து நிற்கப்போகிற ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மத்தியானமளவில் அவ வேலிக்கு மேலால் கூப்பிட்டா. "பிள்ளை, இஞ்சாலை வாரும்."

மகளை நித்திரையாக்கிவிட்டுத் தெருவால் சுற்றிப் போனேன். படலையடியில் தண்டயல் நின்றார். கையில் ஒரு தகரப்பெட்டி. பெரிய ஆள், பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட மாணவன் மாதிரி நின்றார். என்னைக் கண்டதும் விலகி வழி விட்டார். தமையனார் அவரைத் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு போனார்.

குசினியில் இரண்டு தட்டு. இரண்டிலும் சிங்கிறால். அவர் வந்திருக்கிறார் என்று அதிகாலையிலேயே கடற்கரைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறா. கதை முடிந்து அவர்கள் எழும்பினபோது தாச்சி அடுப்பில் இருந்திருக்கிறது.

"இரும்" என்றா. "ஒண்டு உமக்கு."

நான் இருந்தேன். அவ பாக்குவெட்டியை எனக்கும் தனக்கும் நடுவில் வைத்தா. நான் வாலைத் திருகிக் கழற்றினேன். கழற்றி, வாழையிலைத் துண்டொன்றில் சுற்றி ஒதுக்கி வைத்தேன்.

"அதென்ன?" என்று கேட்டா.

"இவருக்குக் கொண்டுபோகத்தான் அக்கா. இவருக்கு நல்ல விருப்பம். பிள்ளைக்கும்."

அவ இலையைப் பிரித்து, வாலை எடுத்துத் திரும்ப என் தட்டில் வைத்தா. "இஞ்சை இருந்து சாப்பிடும். நான் மாஸ்டரைக் கூப்பிடேல்லை. உம்மைத்தான் கூப்பிட்டனான்."

சாப்பிட்டேன். வாலின் நடுச்சதை அப்படி இனிக்குமென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அது மிளகையும் தேங்காய்ப்பாலையும் தாண்டி உள்ளேயிருந்து வருகிற ஒரு இனிப்பு. அதற்குப் பிறகு நான் அவவைப் பார்க்கவில்லை. காலை முறித்தேன், நெரித்தேன், உறிஞ்சினேன். மண்டையைத் திறந்து மஞ்சளைப் பிட்டில் குழைத்தேன். கை முழங்கைவரை பால் வழிந்தது. நடுவில் ஒருக்கா நிமிர்ந்தால், அவ அழுதுகொண்டிருந்தா. கண்ணீர் கன்னத்தால் வழிந்து நாடியில் சொட்டியது. ஆனால் கை நிற்கவில்லை. ஒரு வாய் எடுத்தா, மென்றா, விழுங்கினா, அழுதா. துடைக்கவில்லை. மறைக்கவில்லை. தட்டு வெறுமையாகுமட்டும் அழுதா, ஓடுகளை ஒதுக்கி வைத்ததும் நிறுத்தினா. பிறகு தேசிக்காய்த் தோலால் விரல்களைத் தேய்த்துக் கழுவி, எனக்கும் ஒரு பாதித் தோலை நீட்டினா.

"போய்ப் படுக்கப்போறன்" என்றா. "படலையைச் சாத்திக்கொண்டு போம்."

நான் சாத்திக்கொண்டு வந்தேன். வீட்டில் இவர் பள்ளிக்கூடத்தால் வந்து மேசையில் காத்துக்கொண்டிருந்தார்.

"எங்கை போனனீர்?"

"பக்கத்து வீட்டை."

நான் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு அருகில் போனதும் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். "சிங்கிறால் மணக்குது" என்றார்.

"ஓம். சாப்பிட்டனான்."

"எனக்குக் கொண்டு வரேல்லையோ?"

"இல்லை."

"ஒரு துண்டும்?"

"எனக்கெண்டு ஒண்டு தந்தவ. முழுக்க நானே சாப்பிட்டிட்டன்."

அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கனநேரம் பார்த்தார். அப்படி ஒருநாளும் என்னைப் பார்த்ததில்லை. கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். அவருடைய கண்ணில் இருந்தது கோபமில்லை.

"நீர் இப்ப அவவை மாதிரியே கதைக்கிறீர்" என்றார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் எனக்கென்று செய்த ஒரே காரியம் அது. அதையும் அவர் தூக்கி அவவிடம் கொடுத்துவிட்டார்.